இருபதாவது கால்

ஜெலுத்தோங் பிளாட்டில் பதினோராம் மாடி.
மின்தூக்கி ஒற்றைப்படையில் நிற்காது;
பத்தில் இறங்கி ஒரு படிக்கட்டு ஏறவேண்டும்.
அப்படித்தான் ஏறி வந்தது இந்த லேப்டாப்,
இரவுப்பணிப் பைக்குள், துவாலை சுற்றி.

ஏதோ அலுவலகம் கழித்துக்கட்டியது. நாற்பது ரிங்கிட்.
"இனி ஆதரவு கிடையாது" என்று
திரை மூலையில் ஒரு மஞ்சள் பட்டை.
ஆதரவு!
எவ்வளவு பெரிய சொல்லை
எவ்வளவு சின்னப் பெட்டிக்குள் எழுதிவைக்கிறார்கள்.

பழையதைத் துடைத்தேன்.
யாரோ எங்கோ காசு கேட்காமல் எழுதிய
வேறோர் இயங்குதளத்தை ஏற்றினேன்.
திரை வந்தது. ஒலி வந்தது.
தமிழ்கூட வந்தது, கொம்பும் சுழியும் இடம் மாறாமல்.
காற்று மட்டும் வரவில்லை.
"கம்பியில்லாக் கருவி ஏதும் இல்லை."

இல்லையா?
ஒன்பது திருகாணி கழற்றி
இதோ பார்த்துக்கொண்டிருக்கிறேனே:
தபால்தலை அகலத்தில் ஓர் அட்டை,
தலையில் கறுப்பும் வெள்ளையுமாய் இரண்டு நரம்பு.
பாயான் லெப்பாஸில் ஒரு ஷிப்டுக்கு
இதைப்போல் ஆயிரத்துச் சொச்சம்
என் விரலுக்கடியில் போகின்றன.
பச்சை விழுந்தால் இடத்தட்டு, சிவப்பென்றால் வலம்.
பச்சையானவை அப்புறம் யார் வீட்டில்
பேசாமல் உட்கார்ந்திருக்கின்றன என்பதற்கு
எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

முதல் இரவு
கைப்பேசியைக் கம்பியால் கட்டி
சலைன் ஏற்றுவதுபோல் சொட்டுச் சொட்டாய் இணையம் ஏற்றினேன்.
ஓட்டுநிரல் ஒன்று. அது கேட்ட இன்னொன்று.
அந்த இன்னொன்றில் தவறான பதிப்பு.

இரண்டாம் இரவு அட்டையைக் கண்டுகொண்டது.
கண்டுகொண்டு, "வன்பொருளால் தடுக்கப்பட்டுள்ளது" என்றது.
தடுத்த விசை எங்கே?
விசைப்பலகையில் ஒரு சாவி,
அதுவும் பழைய முதலாளியின் பேச்சை மட்டும் கேட்பது.

"அடாப்டர் பதினெட்டு வெள்ளிதான் லா,"
மறு அறையிலிருந்து ஹேமாவதி.
பதினெட்டு வெள்ளி இருக்கிறது.
பச்சை விழுந்த ஒன்று
ஊமையாய் இருப்பதுதான் பொறுக்கவில்லை.

மூன்றாம் இரவு சோதனை மேடை நினைவுக்கு வந்தது.
அட்டையின் ஓரத்தில் ஐம்பத்திரண்டு கால்கள்.
இருபதாவதன் வழியாகத்தான் வரும்
வாயை மூடு என்ற கட்டளை.
இரட்டைப்படைப் பக்கத்தில் பத்தாவது
(எங்கள் மின்தூக்கியைக் கேட்டால் சொல்லும்).
செலோடேப்பில் முக்கால் மில்லிமீட்டர் நறுக்கி,
ஹேமாவதியின் புருவ இடுக்கியால் பிடித்து,
மூச்சை நிறுத்தி ஒட்டினேன்.
கட்டளை வரட்டும். காது இல்லை.
கால் என்றால் காற்று என்றும் பொருள்;
ஐந்தாம் படிவத்தில் மதிப்பெண்ணுக்காக மனனம் செய்தது.

வந்தன.
ஒன்று, மூன்று, சட்டென்று பதினேழு பெயர்கள்,
ஆறு வருடம் சுவருக்குள் இருந்த அண்டைவீட்டார்.
லிம் குடும்பம். குணவதி டியூஷன்.
திருடாதே என்று மலாயில் ஒருவர்.
எல்லாவற்றுக்கும் பூட்டு. அது நியாயம்.
எங்களுக்கு வைஃபை கிடையாது, டேட்டாதான்;
கைப்பேசியில் இப்படித் தேடிப் பார்த்ததே இல்லை.

எல்லாவற்றிலும் வலுவாய் வந்தது கடைசியில் ஒன்று.
நாலு கோடும் நிறைந்த சமிக்ஞை, மலாயில்:
பதினொன்று-ஏழு, மெதுவாக நடக்கவும்.

பதினொன்று-ஏழு நாங்கள்தான்.

எத்தனை நாளாய் இந்த வாக்கியம்
எங்கள் தரை வழியே ஏறி
என் பாதுகாப்புக் காலணியைத் தாண்டிப் போனதோ.
ஹேமாவதி சிரித்து இருமினாள்.
நான் சிரிக்கவில்லை, கொஞ்சம் கழித்துச் சிரித்தேன்.
கைப்பேசி ஹாட்ஸ்பாட்டைத் திறந்து
பெயர்க் கட்டத்தில் அடித்தேன்:
மாஃப், பத்து-ஏழு.

லேப்டாப் அதைப் பிடித்துக்கொண்டது, கம்பியில்லாமல்.
கீழே பிடித்தார்களா, தெரியாது.

மறுநாள் விடிகாலை நாலரை.
மின்தூக்கி பத்தில் நின்றது.
காலணியை அங்கேயே கழற்றிக் கையில் எடுத்தேன்.
சிமெண்ட் குளிர்ந்திருந்தது.